ஆத்தங்குடித் தொழிலாளி ஏன் விழுந்தார்? முதலாமாண்டு மருத்துவ மாணவர்களும் சிறு குழுக் கல்வியும்

ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறவர். வயது 58. காலையிலிருந்து குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கண்ணாடி மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றிக்கொண்டிருந்தார். சித்திரை வெயில். மதியம் சாப்பிடுவதற்காகச் சட்டென்று எழுந்தார். கண் இருட்டியது, அப்படியே சரிந்துவிட்டார். தரையில் படுக்க வைத்ததும் ஒரு நிமிடத்தில் தெளிந்தார். ரத்த அழுத்தத்துக்கு ஆறு மாதமாக இரண்டு மாத்திரை சாப்பிடுகிறார். அதில் ஒன்று சிறுநீரை அதிகமாக வெளியேற்றும் நீர் மாத்திரை.

தாளில் இவ்வளவுதான் இருக்கும். வகுப்புக்காக நான் எழுதி வைத்த கற்பனை நோயாளி இவர். மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து சில மாதமே ஆன பத்துப் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து இந்தத் தாளைக் கொடுப்பேன். என்ன நோய் என்று நான் கேட்பதில்லை. ஏன் விழுந்தார் என்பதுதான் கேள்வி. நோயின் பெயர் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஏன் என்று கேட்டால் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்பதற்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

உடலியங்கியல் ஆசிரியராகப் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது சொந்த ஊர்ப் பக்கம் காரைக்குடிக்கு வந்துவிட்டேன். தெருவில் யாராவது ஒரு பெற்றோர் வழி மறித்து, “சார், பிள்ளைக்கு சிவகங்கையில் சீட் கிடைச்சிருக்கு, இனிமே எப்படிப் படிக்கணும்?” என்று கேட்பது அடிக்கடி நடக்கிறது. இந்தப் பகுதிக்கு இது புதிய கேள்வி. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி 2012-இல் வந்தது, புதுக்கோட்டையில் 2017-இல் வந்தது. காரைக்குடியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக்குறைய பஸ் பயணம். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1907-இல் மருத்துவம் படிக்க மதராஸுக்குப் போக வேண்டியிருந்தது. இன்று கல்லலிலும் திருமயத்திலும் இருக்கிற பிள்ளைகளுக்குக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பெற்றோருக்கு நான் சொல்லும் பதில் எல்லாமே சிறு குழுவில்தான் வந்து முடியும். அது என்ன, எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதை விரிவாகச் சொல்கிறேன்.

தாளைக் கொடுத்ததும் முதல் இரண்டு நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும், அதற்கு மேல் நீட் பயிற்சி மையத்திலும், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே பழகியவர்கள். இங்கே விடைகள் இல்லை. அப்புறம் ஒருவன் சொல்வான்: “சுகர் இறங்கியிருக்கும் சார்.” இன்னொருத்தி: “வெயில்தான் சார், தண்ணி குடிச்சிருக்க மாட்டாரு.” மூன்றாமவன்: “பிரஷர் மாத்திரை ஒத்துக்கல.” எல்லாவற்றையும் பலகையில் எழுதச் சொல்வேன். எழுதுவது அவர்களில் ஒருவர், பேச்சை நடத்துவது இன்னொருவர். நான் இல்லை.

எழுதி முடித்ததும் சோதனை தொடங்கும். சர்க்கரை இறங்கியிருந்தால் படுக்க வைத்த ஒரு நிமிடத்தில் எப்படித் தெளிந்தார்? அந்த ஒரு நிமிடத்தில் யாரும் சர்க்கரை கொடுக்கவில்லையே. அப்படியானால் படுத்தபோது என்ன மாறியது? யாராவது ஒரு பிள்ளை மெதுவாகச் சொல்லும்: “நிக்கும்போது ரத்தம் கால்ல தங்கிடுது. படுத்தா மூளைக்கு ஈசியா வருது.” அங்கேதான் கதவு திறக்கிறது. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களிலும் வயிற்றின் கீழ்ப்பகுதியிலும் இறங்கித் தங்குகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது. இருந்தும் நாம் எல்லோரும் தினமும் நூறு தடவை எழுந்திருக்கிறோம், விழுவதில்லை. அப்படியானால் அந்த இறக்கத்தை யாரோ கவனித்துச் சரி செய்கிறார்கள். யார் அது? எங்கே இருக்கிறார்கள்? எந்த வழியாகச் செய்தி போகிறது?

இந்த மூன்று கேள்விக்கும் அந்தப் பத்துப் பேருக்கும் அன்று விடை தெரியாது. தெரியாததுதான் நல்லது. தெரியாதவற்றை ஒரு பட்டியலாக எழுதிக்கொண்டு கலைந்து போவார்கள். இரண்டு மூன்று நாள் கழித்து, படித்துவிட்டு மறுபடி கூடுவார்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி கழுத்தில் பிரியும் இடத்திலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன, ஒன்பதாவது, பத்தாவது மூளை நரம்புகள் வழியாக மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் செய்தி போகிறது, அங்கிருந்து இதயத்துக்கு “வேகமாக அடி”, ரத்தக் குழாய்களுக்கு “சுருங்கு” என்று கட்டளை வருகிறது. இதைப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் படித்துவிடலாம். விழுந்த மனிதருக்காகப் படித்தவன் அதை மறக்க மாட்டான். ஒன்பதாவது நரம்பு எங்கிருந்து எங்கே போகிறது என்ற உடற்கூறும், வியர்வையில் உப்பு போனால் என்ன ஆகும் என்ற உயிர்வேதியியலும், நீர் மாத்திரை எதைக் குறைக்கிறது என்ற மருந்தியலின் முதல் துளியும் ஒரே கேள்வியின் நூலில் கோத்து வந்துவிடுகின்றன. முதல் வருடத்தில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் மூன்றும் மூன்று கட்டடங்களில் தனித்தனியாக நடக்கும். நோயாளியின் உடம்பில் அப்படித் தனித்தனியாக எதுவும் நடப்பதில்லை.

பிரச்சினை வழிக் கற்றல் என்ற இந்த வடிவம் கனடாவில் பிறந்தது. 1969-இல் ஒன்டாரியோ மாநிலத்து ஹாமில்டன் நகரில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி, முதல் நாளிலிருந்தே பெரிய விரிவுரைகளை ஒதுக்கி வைத்துவிட்டு, நோயாளியின் பிரச்சினையைச் சுற்றிச் சிறு குழுக்களாக மாணவர்களை உட்கார வைத்தது. அங்கே பணியாற்றிய ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர் இந்த முறையை விரித்து எழுதிப் பரப்பியவர்களில் முக்கியமானவர். 1963-இலேயே, நோயாளி போல் நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை வைத்து மாணவர்களைச் சோதிக்கும் முறையையும் அவர்தான் தொடங்கினார். 1974-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட், 1985-இல் ஹார்வர்டு என்று அது பரவியது. மாஸ்ட்ரிக்ட்காரர்கள் உரையாடலை ஏழு படிகளாக வகுத்தார்கள்: புரியாத சொல்லைத் தெளிவுபடுத்து, பிரச்சினை என்னவென்று சொல், தெரிந்ததை வைத்து விளக்கிப் பார், விளக்கங்களை ஒழுங்குபடுத்து, படிக்க வேண்டியதை எழுது, தனியாகப் படி, திரும்பி வந்து சொல். ஆத்தங்குடித் தொழிலாளி கதையில் பிள்ளைகள் செய்தது அதேதான்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு மூளையைப் பற்றிய ஒரு எளிய உண்மை அடிப்படையாக இருக்கிறது. ஒன்றைத் திரும்பத் திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது அதிக நாள் நிற்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் செய்த சோதனை இதற்குப் பிரபலமான சான்று. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் தெளிவாக முந்திவிட்டார்கள். தேர்வுக்கு முந்தின இரவு படிக்கிற நம் பழக்கம் ஏன் அடுத்த நாள் கைகொடுத்துவிட்டு, வார்டுக்குப் போகும்போது கைவிடுகிறது என்பது இதில் விளங்கும். சிறு குழுவில் ஒவ்வொரு பிள்ளையும் வாயைத் திறந்து, அரைகுறையாகத் தெரிந்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லும்போதே எங்கே ஓட்டை என்று அதற்கே தெரிந்துவிடுகிறது. நூற்றைம்பது பேர் உட்கார்ந்த விரிவுரை அரங்கில் அந்த ஓட்டை தேர்வுத்தாள் திருத்தப்படும்வரை தெரியாது.

நன்மைகளை மட்டும் சொல்லிவிட்டுப் போவது சரியில்லை. பிரச்சினை வழிக் கற்றலைப் பற்றி 1990-களில் வந்த பெரிய தொகுப்பாய்வுகள், அப்படிப் படித்தவர்கள் நோயாளியைக் கையாள்வதில் நன்றாகவும், அடிப்படை அறிவியல் தேர்வுகளில் சில இடங்களில் கொஞ்சம் பின்தங்கியும் இருந்ததாகச் சொன்னன. ஆசிரியரின் வழிகாட்டல் குறைந்தால் புதியவர்கள் திணறுவார்கள் என்று எச்சரித்த ஆய்வாளர்களும் உண்டு. அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒன்றுமே தெரியாத பத்துப் பேரை உட்கார வைத்து “பேசுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனால் தவறான விளக்கம் ஒன்று எல்லோர் மனதிலும் கெட்டியாகிவிடும். 2014-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மாணவர்களைப் பேசவும் செய்யவும் வைத்த வகுப்புகளைவிட, வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வியடையும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு அதிகம் என்று கண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்து, என் வகுப்பறையையும் நினைத்துப் பார்த்து நான் வந்த முடிவு இது: முதலாண்டில் விரிவுரை வேண்டும், ஆனால் அது முடிந்த கையோடு சிறு குழு வேண்டும். குழுவில் ஆசிரியர் இருக்க வேண்டும், ஆனால் பேசுவது பிள்ளைகளாக இருக்க வேண்டும்.

நம் சட்டமும் இதைத்தான் சொல்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இந்திய மருத்துவக் குழுமம் 1997-இல் கொண்டுவந்த எம்.பி.பி.எஸ். விதிமுறைகளிலேயே, விரிவுரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, மீதி செய்முறைக்கும் நோயாளிகளைப் பார்ப்பதற்கும் குழு உரையாடலுக்கும் என்று எழுதியிருந்தது. 2019-இல் சேர்ந்த மாணவர்களிலிருந்து திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் வந்தது. முதலாண்டிலேயே நோயாளிகளைப் பார்ப்பது, தானே படிப்பதற்கு ஒதுக்கிய நேரம், நோயாளியிடம் பேசும் முறையும் அறமும் பற்றிய பாடம் எல்லாம் அதில் உள்ளே வந்தன. 2020-இல் குழுமத்தின் இடத்துக்குத் தேசிய மருத்துவ ஆணையம் வந்த பிறகு, மாணவர்கள் கிராமத்தில் சில குடும்பங்களைப் பொறுப்பேற்றுத் தொடர்ந்து பார்க்கும் திட்டமும் சேர்ந்தது. ஆக, காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கிறது.

நடைமுறையில்? நான் படித்த காலத்தில், நான் படித்த கல்லூரியில், டியூட்டோரியல் என்றால் ஐம்பது பேர் ஒரு அறையில். ஆசிரியர் ரோல் நம்பர் வரிசையில் கேள்வி கேட்டுக்கொண்டே வருவார். தெரியாதவன் நிற்க வேண்டும். மணி அடிக்கும்போது முக்கால்வாசிப் பேர் நின்றுகொண்டிருப்போம். என் எண் வருவதற்குள் என்ன கேள்வி வரும் என்று கணக்குப் போடுவதிலேயே நேரம் போய்விடும், மற்றவர்கள் சொன்ன எதுவும் காதில் ஏறாது. ஒரு தடவை சிறுநீரகத்தைப் பற்றிய கேள்விக்கு நான் பாதி சரியாகச் சொன்னேன். மீதிப் பாதி தவறு. “உட்கார்” என்று மட்டும் சொன்னார். எந்தப் பாதி தவறு என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. அந்த அறையைச் சிறு குழு என்று சொல்ல முடியாது. விரிவுரையைவிட அதில் பயம்தான் கூட.

இன்றைய சிக்கல் வேறு. அது எளிய கணக்கு. வருடத்துக்கு 150 பேர் சேரும் கல்லூரியில் பத்துப் பத்தாகப் பிரித்தால் 15 குழு. ஒரு துறையில் அந்த நேரத்துக்கு ஐந்து ஆசிரியர் இருந்தால் மூன்று சுற்று நடத்த வேண்டும். அப்படி நடத்த நேரமில்லை என்று முப்பது பேரை ஒரு குழுவாக்கி, பவர்பாயிண்ட் போட்டுவிடுகிறார்கள். அட்டெண்டன்ஸ் புத்தகத்தில் “சிறு குழு உரையாடல்” என்று பதிவாகிவிடும். ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. செய்முறை வகுப்பு, ரெக்கார்டு திருத்துவது, ஆய்வுக்கு வருகிறவர்களுக்கான காகிதங்கள் என்று அவர்கள் பாரம் அதிகம். ஆனால் அங்கே மாணவர்களுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒரு வழி இருக்கிறது, அது நம் திண்ணையிலேயே இருந்தது. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியார், பல வயதுப் பிள்ளைகள். முன்னேறிய பிள்ளை சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும். மதராஸில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே கையாண்டு, 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். இங்கிலாந்தில் அதற்கு மதராஸ் முறை என்றே பெயர் வந்தது. செட்டிநாட்டு வீடுகளுக்கு இதில் இன்னொரு நினைவும் உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன காலத்தில் பெட்டியடிப் பையனாகக் கடைசிப் படியில் சேர்கிறவன் அடுத்தாளின் பக்கத்தில் உட்கார்ந்துதான் வட்டிக் கணக்கு கற்றான். அடுத்தாள் மேலாளிடம் கற்றான். ஒரு படி மேலே இருப்பவனுக்குத்தான் கீழே இருப்பவனின் தடுமாற்றம் நினைவில் பசுமையாக இருக்கும்.

மருத்துவக் கல்லூரியில் அந்த ஒரு படி மேலே இருப்பவர் இரண்டாம் வருட மாணவர். போன வருடம் இதே ஒன்பதாவது நரம்பில் தடுக்கி விழுந்தவர். அவரை ஒரு மணி நேரம் தயார் செய்து, ஆசிரியர் மூன்று குழுக்களுக்கு நடுவில் நடமாடிக்கொண்டிருந்தால் 15 குழுவுக்கு ஐந்து ஆசிரியர் போதும். நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்த சீனியர்கள்தான் அதிகம் கற்றார்கள் என்பது அப்போது எனக்கே ஆச்சரியம். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. சீனியர் ஜூனியர் என்ற அதிகாரம் அந்த அறைக்குள் வரக் கூடாது. அதனால் ஆசிரியர் கண் பார்வையில் இல்லாமல் இதை நடத்தவே கூடாது.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். மொழி.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்தும் கந்தர்வகோட்டைப் பக்கத்திலிருந்தும் தமிழில் படித்த பிள்ளைகள், அப்பா கட்டட வேலை, அம்மா நூறு நாள் வேலை என்ற வீடுகளிலிருந்து, வெள்ளைக் கோட்டுடன் உள்ளே வந்தார்கள். விரிவுரை அரங்கில் அவர்கள் தலை குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள். புரிகிறதா என்று கேட்டால் புரிகிறது என்பார்கள். குழுவில் உட்கார்த்தி “ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும்” என்று சொன்னால் முழு ஊமையாகிவிடுவார்கள். அப்போது பேசுவது நகரத்துப் பள்ளியில் படித்த மூன்று பேர் மட்டும். ஆசிரியரும், மற்ற ஏழு பேருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்.

ஒரு வருடம் அந்த விதியை எடுத்தேன். யோசிப்பது எந்த மொழியிலும் இருக்கலாம், பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றேன். அதுவரை ஒரு வார்த்தை பேசாத ஒரு பெண் பிள்ளை இதே ஆத்தங்குடித் தொழிலாளி கதையில் சொன்னாள்: “கீழ இருந்து மேல ஏறணும்னா தள்ளு வேணும்ல சார். உக்காந்து வேலை செய்யும்போது கெண்டைக்கால் அசையல, அப்ப யாரு தள்ளுவா?” கெண்டைக்கால் தசைகள் சுருங்கும்போதுதான் சிரைகளிலுள்ள ரத்தம் மேலே தள்ளப்படுகிறது. புத்தகம் அதைத் தசைப் பம்ப் என்று சொல்லும். அவள் புத்தகத்தைப் படிக்காமலே கிணற்றையும் மோட்டாரையும் நினைத்து அங்கே போய்விட்டாள். அந்தக் கருத்துக்கு ஒரு ஆங்கிலப் பெயரை ஒட்டுவதுதான் பாக்கி. அது இரண்டு நிமிட வேலை. இதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வரிசை: தமிழில் சொல், பலகையில் படம் போடு, அப்புறம் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுது. தேர்வு ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் மூன்றாவது படியில் வர வேண்டிய ஆங்கிலத்தை முதல் படியில் நிறுத்தினால் யோசிப்பது நின்றுபோகிறது.

தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று சிலர் இன்னும் சந்தேகப்படுவதுண்டு. 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் 1860-களிலேயே தமிழில் மருத்துவம் கற்பித்தார், உடற்கூறுக்கும் அறுவை மருத்துவத்துக்கும் தமிழில் நூல்கள் கொண்டுவந்தார். நான் கேட்பது அவ்வளவு பெரிய மாற்றமும் இல்லை. பத்துப் பேர் கொண்ட வட்டத்தில் பிள்ளைகள் தங்கள் மொழியில் யோசிக்க அனுமதி, அவ்வளவே.

இதில் இன்னொரு பலன், நான் எதிர்பார்க்காத இடத்திலிருந்து வந்தது. நோயாளிகள் பேசும் தமிழ். “மேலுக்கு முடியல”, “கிறுகிறுன்னு வருது”, “தலை சுத்துது”, “மயக்கமா இருக்கு”, “கண்ணு இருட்டிக்கிட்டு வருது”. ஆங்கிலவழியில் படித்த பிள்ளைகளுக்கு இவை எல்லாம் ஒன்று போலவே கேட்கும், ரெக்கார்டில் ஒரே ஆங்கிலச் சொல்லை எழுதிவிடுவார்கள். கிராமத்துப் பிள்ளைகள் பிரித்துக் காட்டுவார்கள். வீடே சுற்றுகிற மாதிரி இருந்தால் தலை சுற்றல், அது உள்காதின் பக்கம் நம்மைக் கொண்டுபோகும். கண் இருட்டி விழப் போவது போல இருந்தால் ரத்தம் மூளைக்குப் போவது குறைகிறது என்று யோசிக்க வேண்டும். “மயக்கம்” என்ற ஒரே சொல்லை ஒரு ஆச்சி வெறும் சோர்வுக்கும் சொல்வார், நினைவிழந்து விழுந்ததற்கும் சொல்வார். “ஆச்சி, விழுந்தது உங்களுக்கே தெரிஞ்சுதா, இல்ல எந்திரிச்சப்புறம் மத்தவங்க சொன்னாங்களா?” என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டால்தான் தெளியும். அந்தக் கேள்வியை வட்டத்தில் முதலில் சொன்னவள் ஒரு நெசவாளியின் மகள். அன்றைக்கு நகரத்துப் பிள்ளைகள் அவளிடம் நோட்டுப் புத்தகம் வாங்கி எழுதிக்கொண்டார்கள். கிராமத்துக் குடும்பங்களைப் பார்க்கப் போகும் நாட்களில் அவள்தான் குழுவுக்கு முன்னால் நடந்தாள்.

குழு எங்கே கெட்டுப்போகும் என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய அபாயம் பங்கு பிரிப்பது. படிக்க வேண்டியவை ஐந்து இருந்தால், ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டு, மறுநாள் ஒவ்வொருவரும் தன் பங்கை ஒப்பிப்பார்கள். அது பத்து நிமிட விரிவுரைகள் ஐந்து, அதுவும் அனுபவமில்லாத ஐந்து ஆசிரியர்களிடமிருந்து. எல்லோரும் எல்லாவற்றையும் படித்து வர வேண்டும். யார் எதைச் சொல்லப் போகிறார் என்பது வட்டத்தில் உட்கார்ந்த பிறகுதான் தெரிய வேண்டும். அடுத்தது செல்போன். தாளைப் படம் எடுத்துப் போட்டால் நொடியில் விடை வந்துவிடும். நான் போனைத் தடை செய்ததில்லை. விடை வந்த பிறகு, “சரி, போனை மேசையில் வைத்துவிட்டு, எழுந்து நின்ற முதல் பத்து நொடியில் உடம்புக்குள் நடப்பதைப் பலகையில் அம்புக்குறி போட்டு வரைந்து காட்டு” என்பேன். அம்புகள் இரண்டாவது மூன்றாவது இடத்தில் நின்றுவிடும். விடை தெரிவது வேறு, விளக்கத் தெரிவது வேறு என்று பிள்ளைகள் அங்கே தாமாகவே கண்டுபிடிப்பார்கள்.

மூன்றாவது அபாயம் ஆசிரியரே. தெரிந்தவனுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது போல் கஷ்டம் வேறில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுப் பார்த்து, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். மூன்று நொடி காத்திருந்தாலே பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். நான் மேசைக்குக் கீழே விரல் விட்டுப் பத்து வரை எண்ணுவேன். ஆரம்பத்தில் அந்தப் பத்து நொடி ஒரு யுகம் போல இருக்கும். எனக்கு உதவியவை சில சின்னச் சொற்கள்தான்: “அப்புறம்?”, “அது உனக்கு எப்படித் தெரியும்மா?”, “இவன் சொன்னதை நீ ஒத்துக்கிறியா?” தவறான விளக்கம் ஒன்று யாரும் மறுக்காமல் நிலைக்கப் பார்க்கும்போது மட்டும் உள்ளே புகுந்துவிட வேண்டும். அங்கே மௌனம் காப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

பெற்றோர்களுக்கு நான் சொல்வது இதிலிருந்து வருகிறது. கல்லூரியில் நல்ல குழு அமைந்தால் நல்லது. அமையாவிட்டால் பிள்ளைகள் தாமே நான்கைந்து பேர் சேரலாம். உடற்கூறு அறுவைக் கூடத்தில் ஒரே டேபிளில் நிற்கிறவர்கள் இதற்குத் தோதானவர்கள், ஏற்கெனவே ஒரே உடலைச் சுற்றி நின்று பழகியவர்கள். வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு மணி நேரம், புத்தகம் மூடியிருக்க வேண்டும், ஒரு சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். மதிப்பெண்ணில் எல்லோரும் ஒரே அளவில் இருக்கிற குழுவைவிட, ஏற்றத்தாழ்வாக இருக்கிற குழு நன்றாக ஓடும். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது இங்கே தேவகோட்டை, காரைக்குடி, பள்ளத்தூர்ப் பிள்ளைகள் நான்கு பேர் என் வீட்டு முகப்பில் வந்து உட்காருவதுண்டு. இருவர் சிவகங்கை, ஒருவர் புதுக்கோட்டை, ஒருவர் மதுரை. நான் உள்ளே பட்டாலையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன முறை அவர்கள் எடுத்தது ஆத்தங்குடித் தொழிலாளியைத்தான். படித்துவிட்டு இரண்டாவது தடவை கூடியிருந்தார்கள். என் பழைய ரத்த அழுத்தக் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒருவனைத் திண்ணையில் ஐந்து நிமிடம் படுக்க வைத்தார்கள். 116/74, நாடித்துடிப்பு 72. எழுந்து நிற்கச் சொல்லி ஒரு நிமிடத்தில் எடுத்தார்கள். 110/78, நாடி 88. மூன்றாவது நிமிடத்திலும் எடுத்தார்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால்தான் நிற்கும்போது அழுத்தம் விழுகிறது என்று சொல்லலாம், இவனுக்கு அப்படி இல்லை என்று ஒருத்தி படித்துக் காட்டினாள். நாடி ஏறியதைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம், புத்தகத்தில் இருந்த அம்புக்குறி கைவிரலுக்குக் கீழே துடித்தது. அப்போது பள்ளத்தூர்ப் பையன் கேட்டான்: “அந்த ஐயாவுக்கு இந்த 88 வந்திருக்குமா? ரெண்டு மாத்திரைன்னு போட்டிருக்கு. ஒண்ணு நீர் மாத்திரை. இன்னொண்ணு நாடியை ஏற விடாத மாத்திரையா இருந்தா?” நால்வரும் தாளைத் திரும்பப் படித்தார்கள். இரண்டாவது மாத்திரையின் பெயர் அதில் இல்லை. வேண்டுமென்றேதான் நான் எழுதாமல் விட்டிருந்தேன், அவர்களிடம் அதைச் சொன்னதில்லை. அந்தப் பையன் சார்ட் பேப்பரின் கீழே எழுதினான்: “ஐயாவிடம் கேட்க வேண்டியது: மாத்திரை அட்டையைக் காட்டச் சொல்லணும்.”